இன்னும் எங்கே இறங்குவது?

எனக்கு அப்போது பத்து, பதினொரு வயது இருக்கும். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை முடிந்து காலனிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பங்குச் சாமியார் அன்றைய பிரசங்கத்தில், வானத்தில் இருந்த கடவுள் மாட்டுத் தொழுவம் வரைக்கும் இறங்கி வந்தார், நாமும் அவரைப் போலத் தாழ்மையோடு வாழப் பழக வேண்டும் என்று உருக்கமாகச் சொல்லியிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. வழியெல்லாம் அதையே ஆயாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆயா கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "இன்னும் எங்கடா எறங்குறது? இதுக்குக் கீழ மண்ணுதான் இருக்கு" என்றார்.

ஆயா வாழ்நாள் முழுக்க நாற்று நட்டவர், களை பறித்தவர். அவர் வேலை செய்த வயலின் சொந்தக்காரரும் கிறிஸ்தவர்தான். கோயிலில் முன்வரிசை அவர் குடும்பத்துக்கு. அன்றிரவு அவரும் அதே பிரசங்கத்தைக் கேட்டார். அவருக்கு அது ஒரு அழகான அறிவுரை. பின்னால் நின்றிருந்த ஆயாவுக்கோ அது ஏற்கெனவே தினமும் வாங்கிக்கொண்டிருந்த கட்டளை. குனி, ஒதுங்கு, குரலை உயர்த்தாதே, கொடுத்ததை வாங்கிக்கொள் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்ததை அன்று கோயிலும் சொன்னது.

ஒவ்வொரு டிசம்பரிலும் இந்தக் கேள்வி எனக்குத் திரும்ப வருகிறது. கடவுளின் தாழ்மை என்பது யாருக்கான போதனை?

இந்த இணையதளத்தில் கடவுளைப் பற்றி எதற்குப் பேச்சு என்று சில தோழர்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் யாரையும் நம்பச் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் ஒரு கதை, அவர்களுக்கு எதிராகவே பயன்படுத்தப்படுகிறது என்றால், அந்தக் கதையை யார் கையிலிருந்து யார் மீட்பது என்பது சாதி ஒழிப்பு அரசியலின் கேள்வியும்தான்.

சொந்தக்காரர் வீட்டில் இடமில்லை

முதலில் கதையைப் பார்ப்போம். லூக்கா நற்செய்தியின்படி, பேரரசன் அகுஸ்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையிடுகிறான். நாசரேத்தில் வாழும் யோசேப்பு, நிறைமாதக் கர்ப்பிணியான மரியாவை அழைத்துக்கொண்டு தன் பூர்வீக ஊரான பெத்லகேமுக்குப் போகிறார். அங்கே இடம் கிடைக்கவில்லை. குழந்தை பிறந்து, கால்நடைகளுக்குத் தீனி வைக்கும் தொட்டியில் கிடத்தப்படுகிறது.

நம் ஊர் கிறிஸ்துமஸ் நாடகங்களில் கதவைச் சாத்தும் ஒரு சத்திரக்காரர் கட்டாயம் இருப்பார். லூக்காவின் கதையில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை. தமிழ் விவிலியங்கள் சத்திரம் என்றும் விடுதி என்றும் சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'கத்தலூமா'. இதே லூக்கா, இயேசு கடைசி இரா உணவு உண்ட வீட்டின் விருந்தினர் அறைக்கும் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். நல்ல சமாரியன் கதையில் காசு கொடுத்துத் தங்கும் சத்திரம் வரும்போது வேறு சொல்லைப் போடுகிறார். அதனால் பெத்லகேமில் நிறைந்திருந்தது ஒரு வீட்டின் விருந்தினர் அறை என்றே விவிலிய ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். யோசேப்பின் பூர்வீக ஊர் அது. சொந்தபந்தம் இருந்திருக்கும். விருந்தினர் அறையில் இடமில்லை, மாடு கட்டும் பக்கத்தில் இருந்துகொள்ளுங்கள் என்று ஆகியிருக்கிறது.

முகம் தெரியாத சத்திரக்காரர் கதவைச் சாத்துவதைவிட இது வலி கூடியது. வீட்டுக்குள் விட்டார்கள், ஆனால் வீட்டில் எந்தப் பக்கம் என்பதில் கணக்கு இருந்தது. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவராக இருப்பது என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கோயிலுக்குள் விடுவார்கள். எந்தப் பக்கம் உட்காருவது, எந்த வாசல் வழியாகப் பிணம் போவது, எந்தத் தெரு வரைக்கும் தேர் வருவது என்பதில்தான் கணக்கு.

கதையில் இன்னும் சில விவரங்கள் உண்டு. நாற்பது நாள் கழித்துத் தாயின் தூய்மைச் சடங்குக்கு எருசலேம் கோயிலுக்குப் போகிறார்கள். சட்டப்படி ஓர் ஆட்டுக்குட்டி கொடுக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்கள் இரண்டு புறாக்கள் கொடுக்கலாம் என்று லேவியர் நூல் சலுகை தருகிறது. இவர்கள் அந்தச் சலுகையைத்தான் பயன்படுத்தினார்கள். பிறப்புச் செய்தி முதலில் போய்ச் சேர்ந்தது இரவு முழுக்கக் கண்விழித்து மந்தைக்குக் காவல் கிடந்த இடையர்களிடம். பின்னாளில் இயேசு வளர்ந்து ஊர் ஊராகப் போகும்போது, நாசரேத்திலிருந்து நல்லது எதுவும் வருமா என்று ஒருவர் ஏளனமாகக் கேட்டதாக யோவான் நற்செய்தி சொல்கிறது. நமக்கு இந்தக் கேள்வி புதிதா? "தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்கும்போது, அவர் பூகோளப் பாடமா நடத்துகிறார்?

ஆணவத்தை இறக்கி வைத்த ஆண்

குடிலில் ஓரமாக, கையில் கோலோடு நிற்கும் யோசேப்பை யாரும் கவனிப்பதில்லை. மத்தேயு நற்செய்தி அவர் கதையைச் சொல்கிறது. தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் கர்ப்பமாக இருக்கிறாள், குழந்தை தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரிய வருகிறது. ஊரைக் கூட்டி அவமானப்படுத்த அவருக்கு வழி இருந்தது. அன்றைய சட்டம் ஆணின் பக்கம் இருந்தது. அவர் அதைச் செய்ய விரும்பவில்லை. முதலில் சத்தமில்லாமல் விலகிவிடலாம் என்று நினைத்தவர், பிறகு கனவில் வந்த தூதரின் சொல் கேட்டு அவளை ஏற்றுக்கொள்கிறார். தன் இரத்தம் இல்லாத குழந்தைக்குத் தானே பெயர் சூட்டித் தகப்பனாகிறார்.

சாதி எதனால் நிற்கிறது என்ற கேள்விக்கு அம்பேத்கர் 1916இலேயே பதில் சொல்லிவிட்டார். அகமண முறைதான் சாதியின் உயிர்நாடி. அதைக் காப்பாற்ற பெண்ணின் உடல் காவலுக்கு உள்ளாக்கப்படுகிறது. மகள் வேறு சாதிப் பையனை விரும்பினாள் என்பதற்காகக் கொல்வதைத் தமிழில் நாம் கௌரவக் கொலை என்று சொல்வதை நிறுத்திவிட்டு, ஆணவக் கொலை என்று சொல்லத் தொடங்கியிருக்கிறோம். சரியான சொல் அது. தாழ்மைக்கு எதிர்ச்சொல் தேடினால் ஆணவம்தான் கிடைக்கும்.

யோசேப்பு ஆணவத்தை இறக்கி வைத்தவர். குடும்ப மானம், வம்ச இரத்தம், ஊர் பேச்சு என்ற மூன்றையும் ஒரு பெண்ணின் உயிருக்குக் கீழே வைத்தவர். மத்தேயு, ஆபிரகாம் தொடங்கி தாவீது வழியாக நீண்ட வம்சப் பட்டியலை எழுதிவிட்டு, கடைசியில் அந்தத் தகப்பன் வழி இரத்தத்தையே கதையிலிருந்து எடுத்துவிடுகிறார். நடுவில் அவர் பெயர் சொல்லியும் சொல்லாமலும் சேர்க்கும் தாமார், ராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகிய பெண்களில் அயல் இனத்தவரும் உண்டு, ஊர் வாயில் விழுந்தவர்களும் உண்டு. தலித் இறையியலின் முன்னோடியான அர்விந்த் நிர்மல் இந்தப் பட்டியலைச் சுட்டிக்காட்டித்தான் இயேசுவின் தலித் அடையாளத்தைப் பேசினார். சாதி பார்த்துச் சம்பந்தம் பேசும் கிறிஸ்தவக் குடும்பங்கள், திருமணத் தகவல் பக்கங்களில் சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரையும் போடும் குடும்பங்கள், யோசேப்பின் சிலையை எந்தத் துணிச்சலில் குடிலில் வைக்கின்றன?

ஒரே வேர், இரண்டு முகவரிகள்

தாழ்மை, தாழ்த்தப்பட்டோர். தமிழில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஒன்று நற்பண்பு, இன்னொன்று ஒடுக்குமுறையின் பெயர். ஒருவர் தானே இறங்கினால் தாழ்மை. பிறர் அமுக்கினால் தாழ்த்தப்படுதல். இரண்டையும் குழப்பினால் அமுக்கப்பட்டவரைப் பார்த்து, உன்னிடம் எவ்வளவு நல்ல பண்பு இருக்கிறது என்று பாராட்ட முடியும். சாதி காலங்காலமாகச் செய்துவருவது அதைத்தான்.

கிரேக்கத்திலும் இதே கதை. 'தப்பெய்னோஸ்' என்ற சொல் அன்றைய கிரேக்க, ரோம உலகில் பெரும்பாலும் இழிவுச் சொல். கீழான, அடிமைத்தனமான என்று பொருள். அதே வேரிலிருந்து வரும் சொல்லைத்தான் மரியா தன் பாடலில் தன் நிலையைச் சொல்லப் பயன்படுத்துகிறார். அங்கே அது அடக்கம் இல்லை, அவர் வாழ்ந்த தாழ்ந்த நிலை. அந்தப் பாடல் அடக்க ஒடுக்கமான பெண்ணின் தாலாட்டும் இல்லை. வலியவர்கள் அரியணையிலிருந்து தள்ளப்படுவதையும், தாழ்ந்தவர்கள் உயர்த்தப்படுவதையும், பசித்தவர்கள் நிரம்புவதையும், பணக்காரர்கள் வெறுங்கையோடு போவதையும் அது பாடுகிறது. கிறிஸ்துமஸ் கதை தொடங்குவதே இந்த அரசியலோடுதான்.

அதே வேர்ச்சொல் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்திலும் வருகிறது. கடவுளின் நிலையில் இருந்தவர் அதை இறுகப் பிடித்துக்கொள்ளவில்லை, தன்னை வெறுமையாக்கி அடிமையின் உருவெடுத்தார், சிலுவைச் சாவு வரைக்கும் தன்னைத் தாழ்த்தினார் என்று அந்தப் பகுதி சொல்கிறது. இது யாருக்கு எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பிலிப்பி ஒரு ரோமைக் குடியேற்ற நகரம். ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியமர்த்திய ஊர். குடியுரிமை, பதவி, அந்தஸ்து இவைதான் அந்த ஊரின் மூச்சு. அப்படிப்பட்ட ஊரில், வீண்பெருமைக்காக எதையும் செய்யாதீர்கள், மற்றவர்களை உங்களைவிட உயர்வாக எண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் பவுல் கடவுளின் இறக்கத்தை நினைவூட்டுகிறார். அந்தஸ்துக்கு ஏங்கியவர்களுக்கு, அதை இறுகப் பிடித்திருந்தவர்களுக்குப் போன கடிதம் அது.

அந்தக் கடிதம் தமிழ்நாட்டுக்கு வந்தபோது முகவரி மாறிவிட்டது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாதவர்களிடம், விட்டுக்கொடுங்கள் என்று அது வாசிக்கப்பட்டது.

மேலே ஏறிய திருச்சபை

எப்படி மாறியது என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, இத்தாலியப் பிரபு குலத்தவர். தமிழ் உரைநடைக்கு அவர் செய்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அடிமையின் உருவெடுத்த கடவுளை அறிவிக்க வந்த அவர் எடுத்தது பிராமணத் துறவியின் உரு. காவி உடுத்தி, பூணூல் அணிந்து, பிராமணச் சமையலில் மரக்கறி உண்டு, ஏற்கெனவே மதுரையில் பரதவர்களுக்காக இருந்த மறைப்பணியிலிருந்து விலகி நின்றார். மேல்சாதியை வென்றால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்பது கணக்கு. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி, நிபந்தனைகளோடு பூணூலையும் குடுமியையும் அனுமதித்தார். பின்னர் அதே மறைப்பணியில் மேல்சாதியாருக்கு ஒரு வகைக் குருக்களும் மற்ற சாதியாருக்கு வேறு வகைக் குருக்களும் வந்தார்கள். கடவுள் கீழே இறங்கிய கதையைச் சொல்ல, சொல்பவர்கள் மேலே ஏற வேண்டியிருந்தது.

சீர்திருத்தத் திருச்சபைகளும் இதில் சளைத்தவை இல்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், கோயிலில் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலைவிட்டே வெளியேறினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, தஞ்சையின் புகழ்பெற்ற கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார், சாதி வழக்கத்தில் கைவைத்த மிஷனரிகளை எதிர்த்து எழுதியிருந்தார். அவர் இயற்றிய பாடல்களை இன்றும் நாம் பண்டிகைக் காலத்தில் பாடுகிறோம். பாடுவோம், அதில் தவறில்லை. பாடும்போது இதுவும் தெரிந்திருக்கட்டும்.

வடக்கன்குளம் இன்னும் வெளிப்படை. திருநெல்வேலிச் சீமையின் அந்த ஊரில் 1870களில் எழுப்பிய கோயிலுக்கு இரண்டு நீண்ட கூடங்கள். பீடத்தில் மட்டும் அவை சேரும். ஒரு கூடம் பிள்ளைமார், முதலியார்களுக்கு. மறு கூடம் நாடார் உள்ளிட்ட மற்றவர்களுக்கு. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை போலத் தெரியும். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பூசையைப் பார்க்கலாம். அந்தக் கோயில் யார் பெயரில் இருக்கிறது தெரியுமா? திருக்குடும்பம். இயேசு, மரியா, யோசேப்பு. இடம் கிடைக்காமல் அலைந்த அதே குடும்பம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரியார் ஒருவர் அந்தப் பிரிவினையை இடித்துத் தள்ளியபோது மேல்சாதித் தரப்பு நீதிமன்றம் போனது. வழக்கு மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரை போய் அவர்கள் தோற்றார்கள்.

இதெல்லாம் பழங்கதை இல்லையா என்று கேட்டால், 2008 மார்ச்சில் எறையூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தலித் கிறிஸ்தவர்கள் சமமாக நடத்தப்படாததால் தனிப் பங்கு கேட்டார்கள். அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் செத்தார்கள். எல்லோரும் ஒரே மாதாவைக் கும்பிடுபவர்கள். திருச்சி மேலப்புதூரில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் நின்றது. செத்த பிறகும் எந்தப் பக்கம் என்ற கணக்கு தீரவில்லை. பல ஊர்களில் திருவிழாத் தேர் இன்றும் சேரித் தெருவுக்குத் திரும்புவதில்லை. வானத்திலிருந்து தொழுவம் வரை இறங்கி வந்த கடவுளால், மெயின் ரோட்டிலிருந்து காலனி வரை நூறு அடி வர முடியவில்லை.

ஆறுதலா, அபினா?

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். கடவுளே ஏழையாகப் பிறந்தார் என்று சொல்வது ஏழ்மைக்குப் பூச்சூட்டுவது ஆகாதா? தொழுவத்தில் கடவுள் இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லியே மக்களைத் தொழுவத்தில் வைத்திருக்கலாமே?

அம்பேத்கரின் விமர்சனம் இதற்குப் பக்கத்தில் வருகிறது. மதம் மாறிய தீண்டப்படாதவர்களின் நிலையைப் பற்றி எழுதும்போது, கிறிஸ்தவம் மனிதனின் வீழ்ச்சிக்கு அவன் பாவத்தைக் காரணமாகச் சொல்வதால், தன்னை வீழ்த்திய சமூகச் சூழலை எதிர்க்கும் வேகம் மதம் மாறியவருக்குக் குறைந்துபோகிறது என்கிறார். திருச்சபை இந்தக் குற்றச்சாட்டுக்கு இன்னும் நேர்மையான பதில் சொல்லவில்லை. பாமா 1992இல் எழுதிய 'கருக்கு'வில், மடத்துக்குள் போன ஒரு தலித் பெண் அங்கே ஏழ்மை என்ற வார்த்தைப்பாட்டுக்கும் நிஜ ஏழ்மைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கண்டு வெளியேறினார். விரும்பி எடுத்த ஏழ்மைக்கு மூன்று வேளைச் சாப்பாடு உத்தரவாதம். பிறந்து வந்த ஏழ்மைக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

ஆகவே, தொழுவம் புனிதமானது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கு ஓர் அறை கிடைக்காதது அநியாயம். அந்த அநியாயம் நடந்த இடத்தில் கடவுள் இருந்தார் என்று கதை சொன்னால், அநியாயம் சரியாகிவிடாது. யாரை வெளியே வைத்தோம் என்பது இன்னும் பயங்கரமாகத் தெரியும். குடிலைப் பார்க்கிறவர் கண்ணீர் விட்டால் போதாது, அந்த அறை ஏன் கிடைக்கவில்லை என்று கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்டவர்களும் இதே திருச்சபைகளில்தான் இருந்திருக்கிறார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, மக்கள் 'பரட்டை' என்று அழைத்தவர், பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார். நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டை எழுதினார். அவர் வலியுறுத்திய கருத்து 'ஒரு உலை'. எல்லோரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதுதான் இறையாட்சி. சாப்பாட்டில் தீட்டுப் பார்க்கும் நாட்டில் நற்கருணையை இதைவிடச் சரியாக யாரும் மொழிபெயர்த்ததில்லை.

மூன்று டிசம்பர் 25கள்

விவிலியத்தில் இயேசு பிறந்த தேதி இல்லை. டிசம்பர் 25 பின்னாளில் வந்தது. ஆனால் சாதி ஒழிப்பு இயக்கத்துக்கு அந்தத் தேதியில் இன்னும் இரண்டு நினைவுகள் இருக்கின்றன.

1927 டிசம்பர் 25, மகாத். சவுதார் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக அம்பேத்கர் கூட்டிய மாநாட்டுக்கு அந்த ஊரில் யாரும் இடம் தரவில்லை. ஃபத்தேகான் என்ற இஸ்லாமியர் தன் சொந்த நிலத்தைக் கொடுத்தார். அந்த இடத்தில்தான் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. எரிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சகஸ்ரபுத்தே, பிறப்பால் பிராமணர். தன்னை உச்சியில் வைத்த நூலைத் தானே நெருப்பில் போடச் சொன்னார். தாழ்மை என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அது. அன்று மகாதில் தலித்துகள் தாழ்மையைக் காட்டவில்லை, நிமிர்ந்தார்கள். இறங்க வேண்டியவர் இறங்கினார், இடம் வைத்திருந்தவர் இடம் கொடுத்தார். மூன்றும் சேர்ந்தால்தான் அது சமத்துவம்.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக, சங்கத்தின் செங்கொடியை இறக்க மறுத்ததற்காக, 44 தலித் உயிர்கள் ஒரு சின்னக் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். ஊரெல்லாம் வைக்கோல் குடில்களில் நட்சத்திர விளக்கு எரிந்த இரவு. ஏரோது மன்னன் பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்றான் என்று மத்தேயு எழுதியதைக் கதை என்று சொல்பவர்கள்கூட, வெண்மணியைக் கதை என்று சொல்ல முடியாது.

அந்த வழக்கில் நிலவுடைமையாளர்களை விடுவித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு வாதத்தைத் தமிழ்நாடு மறக்காது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரிய பணக்காரர்கள், சமூகத்தில் பெரிய மனிதர்கள், கார் வைத்திருப்பவர்கள். அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அதன் சாரம். மேலே இருப்பவர்கள் கீழே இறங்கி வரமாட்டார்கள் என்பதில் நீதிமன்றத்துக்கு அவ்வளவு நம்பிக்கை. கொல்வதற்குக்கூட. கடவுள் நடந்து சேரிக்கு வந்தார் என்று நம்பும் கிறிஸ்தவர்கள், அந்தத் தீர்ப்பை எத்தனை கிறிஸ்துமஸ் மேடைகளில் கண்டித்திருக்கிறார்கள்?

இறங்க வேண்டியவர்கள்

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர்கள் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்தம் வந்தது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்றுவரை இல்லை. மத நிபந்தனையை நீக்கலாம் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2004இல் தொடங்கிய வழக்கு இருபது ஆண்டுகள் தாண்டியும் இழுத்தது. 2022இல் ஒன்றிய அரசு பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தப் போராட்டத்தில் ஆயர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள், நல்லது. ஆனால் கிறிஸ்தவத்திலும் சாதிக் கொடுமை இருக்கிறது என்று டெல்லியில் மனுக் கொடுத்துவிட்டு, நம் பங்கில் அப்படி எதுவும் இல்லையே என்று ஊரில் சொல்ல முடியாது. அரசிடம் காட்டும் காயத்தை யார் உண்டாக்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம், 1745இல் திருமுழுக்குப் பெற்றது வடக்கன்குளத்தில்தான். சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார் என்பது அவர் மீது சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் நீக்கியது. செத்து இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு புனிதரின் சாதிப் பெயரை எடுக்க முடிகிறது என்றால், உயிரோடு இருப்பவர்களின் பெயரிலிருந்து எடுப்பது அவ்வளவு கடினமா?

கடவுளின் தாழ்மையைப் பிரசங்கிக்க விரும்புகிறவர்களுக்குச் செய்ய வேலை நிறைய இருக்கிறது. தேரைச் சேரித் தெருவுக்குள் திருப்புங்கள், முதலில் அங்கேயே போகட்டும். கல்லறைச் சுவர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இடியுங்கள். பங்குப் பேரவையில், பள்ளி கல்லூரி வேலைகளில், குருமடங்களில், ஆயர் பதவிகளில் தலித்துகளின் பங்கு எவ்வளவு என்று மறைமாவட்ட வாரியாகக் கணக்கு வெளியிடுங்கள். சாதி மறுப்புத் திருமணம் செய்துவரும் பிள்ளைகளுக்குப் பங்கு இல்லத்தின் கதவைத் திறந்து வையுங்கள், அவர்களைத் தேடிக் கும்பல் வந்தால் யோசேப்பைப் போல நடுவில் நில்லுங்கள். முன்வரிசையைக் காலி செய்யுங்கள். இவற்றில் ஒன்றுகூட ஆயாவைப் போன்றவர்கள் செய்ய வேண்டியது இல்லை. எல்லாம் மேலே இருப்பவர்கள் செய்ய வேண்டியவை.

தலித் கிறிஸ்தவ இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் யாராவது தாழ்மையாக இரு என்றால், அந்தக் கதையை முழுசாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மரியாவின் பாடலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அந்தக் கதையில் நீங்கள் இறங்க வேண்டிய படி எதுவும் இல்லை.

ஆயா இறந்து பல வருடமாகிறது. அன்றிரவு அவர் கேட்ட கேள்விக்கு எந்தச் சாமியாரும் பதில் சொன்னதில்லை, அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. இந்த டிசம்பரில் நள்ளிரவுப் பூசையில் அதே பிரசங்கம் மறுபடி வரும். பின்னால் நிற்கிற யாராவது ஒரு பிள்ளை, கொஞ்சம் சத்தமாகவே கேட்கட்டும்: சாமி, இன்னும் எங்க எறங்குறது?